நாற்பதாவது டிகிரி

செக் நாட்டின் ப்ர்னோ நகர ஆய்வகத்தில் மூன்று வாரமாக இந்த ஆன்டெனாவோடு மல்லுக்கட்டுகிறேன். அலை அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடி, நுனி வழியாக முன்னால் பாய வேண்டும். பாய்கிறது. ஆனால் சோதனை அறையில் அதைத் தாங்கும் சுழல்மேசை நாற்பது டிகிரி திரும்பும்போதெல்லாம் சிக்னல் ஒரு கணம் விழுந்துவிடுகிறது. தகட்டை மாற்றி மாற்றி வெட்டினேன். வெறுத்துப்போய் வேறொரு பழைய ஆன்டெனாவையே வைத்தேன். அதே நாற்பது.

“யாரோ குறுக்க நடந்து போற மாதிரியில்ல இருக்கு, மிலேனா?” என்றான் உடன் வேலை செய்யும் ராதிம்.

“கிண்டல் பண்றியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா ப்ராஜெக்டே போச்சு!”

தரையில் அலையை உறிஞ்சப் பதித்த நுரைக் கூம்புகள் அழுக்காகும் என்று ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, சோதனை அறைக்குள் போய்ப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

நான் என் ஷூவை மாட்டிக்கொண்டேன். ராதிம் அவனுடையதை மாட்டிக்கொண்டான். இன்னொரு ஜோடி அங்கேயே இருந்தது. அதன்மேல் பனி இன்னும் உருகவில்லை.