கீழே பாறை

"இன்னும் ஓங்கி அடிக்கட்டுமா தம்பி?"

செராஃபீனோவுக்கு எழுபத்தெட்டு வயது. எட்டுக் கிலோ சம்மட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தானே அடிப்பேன் என்று நின்றார்.

பூகம்பத்தில் வீடு இடிந்து, கல்லும் மண்ணும் அள்ளப்பட்ட ஒரு காலி மனை. அதில் என் வேனின் முன்சக்கரங்களுக்கு அடியில் ஓர் ஓக் கட்டையை அழுத்தி வைத்திருந்தேன்.

அந்தக் கட்டையின் முனையில் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அடி விழுந்ததும் மண்ணுக்குள் ஒரு குலுங்கல் கிளம்பி ஓடும். வரிசையாக நட்டிருக்கும் இருபத்துநான்கு உணரிகள் அதன் வேகத்தைச் சொல்லிவிடும்.

விநாடிக்கு எண்ணூறு மீட்டர் ஓடினால் கீழே பாறை. தவழ்ந்து போனால் வெறும் களிமண். களிமண் என்றால், பூகம்பம் மேலே இருப்பதையெல்லாம் முறத்தில் போட்டுப் புடைத்துவிடும்.

பாறை என்று வந்தால் வீடுகளை அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஊரையே மலையிலிருந்து இறக்கிப் பள்ளத்தாக்கில் வைத்துவிடுவார்கள். ஆறு வருடமாக மரக் கொட்டகைகளில் குடியிருக்கும் ஜனம் காலையிலேயே வந்து நின்றுவிட்டது.

சத்தம் ஆகாது என்று நான் சொன்னதற்காக லோரெத்தா தன் கடையில் காப்பி மெஷினையே நிறுத்தியிருந்தாள். எங்கள் மலைநாட்டில் இதைவிடப் பெரிய தியாகம் கிடையாது.

ஓங்கி அடித்தால் அலை வேகமாக ஓடும் என்று எல்லா ஊரிலும் நினைக்கிறார்கள். ஓடாது. தட்டிக்கொடுத்தாலும் அதே வேகம், இடித்துத் தள்ளினாலும் அதே வேகம். சொல்லிப் பார்த்தேன். செராஃபீனோ காதிலேயே வாங்கவில்லை.

"நேத்து ஒரு கட்ட விறகு தூக்கச் சொன்னா தோள் வலின்னீங்களே மாமா! இன்னைக்குப் பயில்வானாயிட்டீங்களாக்கும்?" என்று சீண்டினாள் லோரெத்தா.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடித்தார்.

இருபது அடி போதும் எனக்கு. அவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பாவம், மனுஷனுக்கு வீட்டின் மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் முதல் சில அடிகளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கணக்குப் போட்டபோதும் அதேதான் வந்தது.

விநாடிக்கு நூற்றுத் தொண்ணூறு மீட்டர்.

ஜனம் என் மடிக்கணினியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றது. கெட்ட செய்தியைச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. எப்போதும்போல வாயாடித்தான் தொலைத்தேன்.

"முப்பது மீட்டருக்குக் களிமண்தான். மூணடிக்குக் கீழ மட்டும் கூழாங்கல்லு இறுகிப்போயி ஒரு தட்டு கெடக்கு. எவனாவது அரைகுறை மேஸ்திரி கடப்பாரையப் போட்டுப் பாத்தா, பாறைன்னே சத்தியம் பண்ணுவான்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. லோரெத்தா என் கையைக் கிள்ளினாள், வலிக்கும்படி.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. யாரும் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

செராஃபீனோ மட்டும் கட்டையின் முனையில் உட்கார்ந்திருந்தார். சம்மட்டி காலடியில் கிடந்தது. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

"விடுங்க பெரியவரே, கீழ புது ஊர்ல நல்ல வீடாவே குடுப்பாங்க" என்றேன்.

"எனக்கெதுக்குத் தம்பி வீடு?"

 மண்ணைப் பார்த்தபடியே, கணக்கு ஒப்பிப்பவரைப் போல ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசினார்.

"இங்க இருந்த வீட்டக் கட்டுன மேஸ்திரி நான்தான். என் பொண்ணு மிரெல்லாவுக்குக் கட்டுனது. மூணடில கடப்பாரை டங்குன்னு நின்னுச்சு. அதுக்கு மேல தோண்டல."

 என் வாயை எதைக் கொண்டு அடைப்பது என்று தெரியவில்லை.

"பெருசா வர்றதுக்கு முந்தின வாரம் பூராவும் சின்னச் சின்னதா ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஊரே காருக்குள்ள படுத்துக் கெடந்துச்சு. அவளும் ரெண்டு பிள்ளைகளோட கார்லதான் கெடந்தா. அக்டோபர் குளிரு. சின்னவன் இருமிக்கிட்டே இருந்தான்."

உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளைங்களக் கூட்டிட்டு உள்ள போயிப் படும்மா, கீழ பாறைன்னு நான்தான் சொன்னேன்."