முந்திரி

"பருந்து மறுபடியும் என் ஃபைலைத் தூக்கிட்டுப் போயிடுச்சு!"

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். "உன் ஃபைல்ல மட்டும் அப்படி என்னடி ருசி அதுக்கு?"

பருந்து என்பது அந்தப் பிரிவின் மூத்த ஆராய்ச்சியாளர். பெயர் வைத்தவள், ஃபைலைப் பறிகொடுத்த அவள்தான்.

மருத்துவமனையை ஒட்டிய ஆராய்ச்சிக்கூடம் அது. ஸ்கேன் அறையிலிருந்து தலைப் படங்கள் ஏடு ஏடாக வரும். அவற்றைக் கணினி அடுக்கினால் திரையில் முழுத் தலையும் எழும்பி நிற்கும். மூக்கு, உதடு, காது எல்லாம் அப்படியே தெரியும். ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதால், முதல் வேலை முகத்தை நீக்குவது. அடுத்தது, மூளைக்குள் இருக்கும் கட்டியைச் சுற்றி ஓரம் பிசகாமல் கோடு போடுவது. புதிய மருந்து கேட்கிறதா இல்லையா என்பதை அந்தக் கோடுதான் சொல்லும்.

இரண்டும் அவள் வேலை. கோடு போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால், சில ஃபைல்களை மட்டும் பருந்து கொத்திக்கொண்டு போய்விடும். முகத்தைத் தானே நீக்கிவிட்டு, கோடு போடச் சொல்லி அவளிடமே திருப்பி அனுப்பும்.

"நேராவே கேட்டுட்டேன். 'சார், எனக்கு மூக்கை எடுக்கத் தெரியாதா?'ன்னு."

"என்ன சொன்னார்?"

"கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். என் மூஞ்சியைப் பார்த்துக்கூடச் சொல்லல."

"மூக்கறுக்குற வேலையில உனக்கே மூக்கறுப்பா!"

அப்படித் திரும்பி வந்த படம் ஒன்றில்தான் அவள் முந்திரியைப் பார்த்தாள். வளைந்து, ஒரு பக்கம் பருத்து, அச்சு அசல் முந்திரிப்பருப்பு போலவே ஒரு கட்டி. அதே ஆளின் இரண்டாவது படம் வந்த ராத்திரி, சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்.

"யாரோ என்னவோ, பாவம். ஆனா முந்திரியேதாங்க!"

மென்றுகொண்டிருந்தவன் ஒரு கணம் நிறுத்தினான். பிறகு சிரித்தான்.

"வளருதா?"

"இல்லைங்க. போன தடவைக்கு இப்ப சுருங்கியிருக்கு."

"நிஜமாவா?"

"நான் போட்ட கோடு பொய் சொல்லாது."

அன்று பாத்திரம் எல்லாவற்றையும் அவனே கழுவி வைத்தான், பாடிக்கொண்டே. அதற்குப் பிறகு அவனே கேட்க ஆரம்பித்தான். "என்ன, உன் முந்திரி சௌக்கியமா?"

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாளாகிறது. இன்று பருந்து லீவு. புதிதாக வந்த ஃபைல் நேராக அவளிடமே வந்தது.

"அப்பாடா, இன்னிக்கு என் ராஜ்யம்," என்று திறந்தாள்.

திரையில் சாம்பல் நிறத்தில் நெற்றி எழும்பியது. மூடிய கண்கள். அப்புறம் மூக்கு. நடுத்தண்டில் இடப்பக்கம் கோணியிருந்தது.

அவள் கை நின்றது.

பள்ளிக்கூடத்தில் பந்து பட்டு உடைந்த மூக்கு அவள் கணவனுடையது. இதே இடத்தில், இதே கோணல்.

'கோணல் மூக்கு ஊரெல்லாம் இருக்கும்' என்று சொல்லிக்கொண்டாள். மவுஸை நகர்த்தித் தலையைத் திருப்பினாள். காது தெரிந்தது. சின்ன வயதில் நாய் கவ்விக் கிழித்த காது மடல்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"ஒண்ணுமில்ல. கண்ணு எரியுது." திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயில்லாதவர்களும் வந்து ஸ்கேனில் படுப்பதுண்டு. அப்படித்தான் இருக்கும். அவளை அசத்தலாம் என்று சொல்லாமல் வந்திருப்பான். வேறு எதுவும் இருக்காது. இருக்கக்கூடாது.

ஏடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். முதலில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. மூச்சு விடப்போனாள்.

முந்திரி.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எத்தனை தடவை சுற்றி வந்த வளைவு! அவள் கைக்கு அது மனப்பாடம்.

பழைய படத்தைத் திறந்து, தான் போட்டிருந்த கோட்டை எடுத்து இதன்மேல் வைத்தாள். கட்டி கோட்டுக்குள் அடங்கவில்லை. சுற்றிலும் பிதுங்கி நின்றது.

மாடிப்படிக்கு ஓடிப்போய்ப் பருந்துக்குப் போன் செய்தாள். "சார்... இன்னிக்கு வந்த படம்..."



"பார்த்துட்டீங்களாம்மா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் தடவையே ஸ்கேன் அறை வாசல்ல பார்த்துட்டேன். உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். லீவு போட்டது என் தப்பும்மா. அடுத்த வாரம்தான் வருவார்னு நினைச்சேன்."

"அப்ப கோட்டையும் நீங்களே போட்டிருக்கலாமே சார்! எதுக்கு என் தலையில கட்டினீங்க?"

"போடறேன்னுதான் சொன்னேன். அவர் ஒத்துக்கல. 'டாக்டர் படத்தைக் காட்டுறாரே தவிர, எதைக் கேட்டாலும் மென்னு முழுங்குறார் சார். அவ ஒருத்திதான் எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்றா. என் முகத்தை மட்டும் அவ கண்ணுல காட்டிடாதீங்க'ன்னார்."

போனை வைத்தாள். அதற்குள் அது மறுபடி அடித்தது. கணவன்.

"சாப்டாச்சா?" என்றான், எப்போதும்போல. "என்ன, இன்னிக்கு முந்திரி வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"எப்படியிருக்கு?"

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்குங்க."