முதல் கதவில் ஈயம்

“மூச்சை விடாதை! அப்பிடியே இறங்கி வா!”

நெற்றியில் குங்குமப் பொட்டோடு ஏணிக்குக் கீழே நின்று கத்தினார் பாலசிங்கம். மேலே சாண்ட்பேப்பரும் கையுமாக நின்ற பெயின்ரர் மதிவதனன் மூச்சை அடக்கிக்கொண்டே இறங்கினான். நிலத்தில் கால் வைத்ததும், “ஆர் அண்ணை செத்தது?” என்றான்.

“இன்னும் ஒருத்தரும் இல்லை. சாகப்போறது என்ர வேலை. திங்கள் அனுப்பின பெயின்ற் மாதிரியில ஈயம் இருக்காம். இப்பதான் ஃபோன் வந்தது. சோதிக்கிற ஆள் வந்துகொண்டிருக்கு.”

டொச் எனப்படும் ஜெர்மன் பேசுகிற சுவிஸ் நகரமான சோலோதுர்னில் 1931இல் கட்டிய நான்கு மாடி வீடு அது. அதை நிர்வகிக்கும் கம்பனியில் பாலசிங்கம் ஆறு மாதமாக மேலாளர். அதற்கு முன் பத்தொன்பது வருடம் அதே கம்பனியின் மாடிப்படிகளைக் கூட்டிக் கழுவியவர்.

பழைய வீடென்றால் பெயின்றைச் சோதித்த பிறகுதான் சுரண்டலாம். ஈயம் இருந்தால் அதற்கென்று பயிற்சியும் கருவிகளும் உள்ளவர்களைத்தான் கூப்பிட வேண்டும். இதற்குக் கம்பனி அவரிடம் கையெழுத்தே வாங்கியிருந்தது. பாலசிங்கமோ திங்கள் காலை நல்லநேரம் தப்பிவிடும் என்று முதல் கதவில் வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு, அதே கதவில் மாதிரியையும் சுரண்டிச் சோதனைக்கூடத்துக்குத் தபாலில் போட்டார்.

“அப்ப நாங்கள் மூண்டு நாளாச் சுரண்டினது?”

“ஈயத்தூள். உன்ர நெஞ்சுக்குள்ள போயிருக்கும். ரெண்டாம் மாடியில தவழுற பிள்ளைக்குள்ளயும் போயிருக்கும்.”

மதிவதனன் பதறிப்போய்ச் சட்டையைத் தட்டினான்.

“தட்டாதையடா! தூள் பறக்கும்!”

“நீங்கள்தானே அண்ணை முதல் கதவு நிலைக்குச் சந்தனம் குங்குமமெல்லாம் வைச்சு, எலுமிச்சங்காய் வெட்டித் தொடக்கி விட்டியள்? ஒரு குறையும் வராதெண்டு சொன்னியள்.”

“பிள்ளையாருக்கு டொச் விளங்கேல்லைப் போல.”

“பகிடி விடாதேங்கோ. இந்த வேலையை நம்பி ரெண்டு பேரைக் கூட்டியந்திட்டன். அவங்களை வீட்டை அனுப்புறதோ?”

“அனுப்பு. என்னை நான் எங்கயும் அனுப்பத் தேவையில்லை. கூட்டுற தும்புத்தடி எந்த அலுமாரியில இருக்கெண்டு எனக்குத் தெரியும்.” பாலசிங்கம் படியில் உட்கார்ந்து கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். “கக்கூஸ் கழுவினவனுக்கு ரை கட்டிவிட்டா இதுதான் நடக்கும். கழுவேக்க எங்க ஊத்தையெண்டு கண்ணுக்குத் தெரிஞ்சுது. கையெழுத்து வைக்கேக்க பேனை மட்டும்தான் தெரிஞ்சுது.”

சோதிக்கக் காரில் வந்து இறங்கியவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. ரிஷானி என்று பெயரைச் சொல்லிக் கை கொடுத்தாள். டொச்சில் பாடமாக்கி வைத்திருந்த பொய் வீணாகிப்போனதில் பாலசிங்கத்துக்கு இன்னும் வேர்த்தது.

“வேலை தொடங்கியாச்சு, பிள்ளை. பிழை என்னிலதான்,” என்றார் தமிழில்.

அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, துளை போடும் மெஷின் மாதிரி, ஈயம் காட்டும் ஒரு கருவியுடன் மேலே போனாள். மாடி மாடியாக அது கீச்சிடும் சத்தம் கேட்டது.

கீழே இருவரும் படியில் குந்தியிருந்தார்கள். ராஜினாமாக் கடிதத்தை ஆரைக்கொண்டு எழுதுவிப்பது என்று பாலசிங்கம் யோசித்தார். தன்னைவிட டொச் தெரிந்தவர்களை எண்ணத் தொடங்கி, ஊரே வந்துவிட்டதால் பாதியில் நிறுத்தினார்.

ஒரு மணித்தியாலம் கழித்து ரிஷானி இறங்கி வந்து மாஸ்க்கைக் கழற்றினாள்.

“இருபத்தாறு கதவு, எல்லா ஜன்னலும் பாத்திட்டன், அங்கிள். இந்த வீட்டுப் பெயின்றில ஈயமே இல்லை.”

மதிவதனன் கைகூப்பினான். பாலசிங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை. “அப்ப திங்கள் அனுப்பின மாதிரி?”

“அதில இருந்தது உண்மைதான். முதல் கதவில, சுரண்டாமல் விட்டிருக்கிற மேல் நிலையில மட்டும் காட்டுது. பெயின்றுக்கு மேல ஆரோ பூசியிருக்கிற சிவப்புத் தூள். ஈயம் அதிலதான்.”

“அவ்வளவுதானோ!” பாலசிங்கம் துள்ளி எழும்பினார். கழுத்துப் பட்டியை மறுபடி இறுக்கினார். “ஒரு ஈரத்துணியோட முடியிற அலுவல். அப்ப இனி ஒருத்தருக்கும் ஆபத்தில்லைத்தானே, பிள்ளை?”

ரிஷானி அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போய், கழற்றிய மாஸ்க்கைத் திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

“முதல் போய் உங்கட நெத்தியைக் கழுவுங்கோ, அங்கிள்.”