அம்மா வர்றதுக்குள்ள 1.35

"அதான் சொல்றேன்ல மச்சான், பயாஸ் செட்டிங்ல 1.35 வோல்ட் போட்டாலும் லோடு ஏறினதும் 1.2க்கு வந்து படுத்துக்குது. இது மதர்போர்டா, இல்ல சோம்பேறியா?"

யுகேந்திரன் கத்திய கத்தலில் அந்தக் கிள்ளான் அடுக்குமாடியின் மேல்வீட்டுக்காரரே எட்டிப் பார்த்திருப்பார். குகன் மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே திரையைப் பார்த்தான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்திருந்தான். வராமல் இருக்க முடியாது. 'மலிவு போர்டே போதும்லா, எல்லாம் ஒன்னுதான்' என்று நண்பனை வாங்க வைத்ததே அவன்தான்.

"அம்மா எப்ப வராங்க?"

"பத்துமலை கோயிலுக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க. அதுக்குள்ள இது ஃபுல் ஸ்பீடுல நின்னு ஓடணும். இல்லன்னா கமலநாதன் மாமா வேன் எடுத்துட்டு வந்து தூக்கிட்டுப் போயிருவாரு. அவரு மக படிக்கணுமாம்."

"உங்கம்மாவுக்கு இந்த ஸ்பீடு ஏத்துற ஓவர்கிளாக்லாம் தெரியுமாடா?"

"தெரியாது. ஆனா நான் வாக்கு குடுத்துட்டேன்லா."

குகனுக்கு உஷாராணி ஆன்டியை நன்றாகவே தெரியும். வீட்டில் சும்மா கிடந்த டிரெட்மில்லை ஒரே காலையில் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தவர். கம்ப்யூட்டர் அவருக்கு எம்மாத்திரம்?

டார்ச்சை அடித்துக் கம்ப்யூட்டர் கேஸுக்குள் குனிந்தான்.

"இங்க பாரு. புரோசஸருக்குக் கரண்ட் குடுக்கிற இடம் மொட்டையா இருக்கு. சூட்ட உறிஞ்சுற ஹீட்சிங்க்கே இல்ல. சூடு ஏறினதும் போர்டு பயந்துபோய் ஸ்பீட பாதியா வெட்டிருது."

"கோழைப் பய போர்டு!"

"திட்டாதடா, அதுக்கு இருக்கிறது அவ்ளோதான். ஒன்னு பண்ணலாம். வோல்டேஜக் கொறைச்சுருவோம். ஸ்பீடு லேசாத்தான் இறங்கும். ஆனா ஜில்லுனு ஓடும்."

"ஜில்லா?" யுகேந்திரன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "அலாமா! கொறைக்கிற பேச்சே எடுக்காத. எனக்கு 1.35 வேணும். முடியுமா, முடியாதா?"

குகன் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டான். குரூப்பில் படம் போட்டுப் பீற்றிக்கொள்ள ஒரு நம்பர் வேண்டும், வேறென்ன!

பையைக் கவிழ்த்தான். செத்துப்போன பழைய மோடத்திலிருந்து பிடுங்கி வைத்திருந்த அலுமினியத் துண்டுகள் சில உருண்டன. அவற்றை மொட்டை இடத்தில் வரிசையாக ஒட்டினான். பிறகு பயாஸுக்குள் போய், போர்டு தானே போட்டு வைத்திருந்த பவர் லிமிட்டைக் கையால் உயர்த்தினான். லோடு ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் பிடிக்கும் செட்டிங்கையும் மாற்றினான்.

"சாமியக் கும்பிட்டுக்க. டெஸ்ட் போடறேன்."

புரோசஸர் ஃபேன் மலையேறும் லோரி மாதிரி உறுமியது. 1.34... 1.33... இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 1.33லேயே நின்றது. ஸ்பீடும் விழவில்லை.

"எவ்ளோ டிகிரி மச்சான்?"

"எழுவத்தெட்டு."

"இன்னும் ஏறுதா?"

"ஏறுது. எம்பத்திரண்டு. பயப்படாத, தாங்கும்."

பாவம், பயத்தில் பையன் முகமெல்லாம் வேர்த்துவிட்டது என்று நினைத்த குகன், மேசை ஃபேனை எடுத்து வந்து கேஸைப் பார்த்து வைத்தான். யுகேந்திரன் அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பினான்.

"ஏன்டா?"

"சத்தம்லா மச்சான்."

"கேஸே லோரி மாதிரி கத்துது, உனக்கு இது சத்தமா?"

கேஸின் பக்கக் கதவையாவது கழற்றி வைக்கலாம் என்று குகன் திருப்புளியைத் தேடினான். யுகேந்திரன் அந்தத் திருப்புளி மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"உள்ள தூசி போயிரும்டா!"

இவனுக்கு உதவ வந்ததற்கு வீட்டிலேயே தூங்கியிருக்கலாம் என்று குகன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசல் கிரில் கதவு கிறீச்சிட்டது. உஷாராணி சொட்டச் சொட்டக் குடையோடு உள்ளே வந்தார்.

"ஒரு வாரமா வெயிலக் கண்ணுல காணோம், என்ன மழையோ!" என்றவர், மகனைப் பார்த்தார். "என்னடா, ஓடுதா? நான் மாமாவுக்குப் போன் போடவா?"

குகன் குறுக்கே பாய்ந்தான். "வேணாம் ஆன்டி! ஓடுது ஆன்டி! 1.33ல ஆடாம அசையாம நிக்குது, ஸ்பீடு பாருங்க, அஞ்சு கிகாஹெர்ட்ஸ்!"

உஷாராணி திரைப் பக்கமே திரும்பவில்லை. நேராகக் கேஸின் பின்னால் போய், காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினார்.

"நேத்து மாதிரி பாதியில ஆறிப் போயிருமா?"

"போவாதும்மா. குகன் சரி பண்ணிட்டான்."

"ராசா, நல்லா இருப்படா!" என்று குகனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுப்படிக்கு ஓடிய உஷாராணி, ஈரம் காயாத மோர் மிளகாய்த் தட்டுகளோடு திரும்பி வந்தார். ஒன்றைக் கேஸின் தலைமேலும் இன்னொன்றை அனல் வரும் பின்பக்கமும் வைத்துவிட்டு, ஆசை ஆசையாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, அடுத்த வாரம் கருவாடு போடலாம்னு இருக்கேன். இந்த போர்டு தாங்கும்தானே, நீ என்னப்பா நினைக்கிற?"