துளி இரைச்சல் இல்லாமல்

ஜன்னல் வெயில் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலிலுள்ள துளைக்குள் சாய்ந்து விழுகிறது. அதன் வழியே பழைய வயர்களைக் குடலை உருவுவதுபோல் உருவிப் போட்டுவிட்டு, புதியவற்றை நூல் கட்டி உள்ளே இழுக்கிறேன். எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான் கிட்டாருக்குச் சொந்தக்காரன். மேடையில் தன் விரல் தடுமாறியதற்கெல்லாம் கூட வாசித்த என்மேல் பழிபோட்டு, என்னை இசைக்குழுவிலிருந்தே விரட்டியவன். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பழைய பிக்கப்பின் இரைச்சலில், யார் தப்பு என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. "பழசை மனசுல வச்சிக்கிட்டு ஏதாவது பண்ணிடாதடா," என்கிறான். புதுப் பிக்கப்பின் முனைகளில் வயர்களைப் பற்றவைக்கிறேன். ஈயம் உருகிக் கண்ணாடிபோல் மின்னுகிறது. இத்தனை ஒழுங்காக நான் எதையும் பற்றவைத்ததில்லை. பிக்கப்பைத் திருகிப் பொருத்தி, கம்பிகளை மாட்டி, ஒலிபெருக்கியில் இணைத்து, ஒரு கம்பியைச் சுண்டுகிறேன். துளி இரைச்சல் இல்லை. "அடேங்கப்பா, என்ன சுத்தம்!" என்று வாயைப் பிளக்கிறான். "ஆமாண்டா," என்று கிட்டாரை அவன் மடியில் வைக்கிறேன். "இனிமே உன் விரல் எங்க தடுமாறினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்."