விரிச்சுதா?

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி தணிகாசலம் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "விரிச்சுதா?"

பூங்கோதையும் தினமும் ஒரே பொய்யைச் சொன்னாள். "நல்லா விரிச்சுதுங்க."

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அவர் வளர்க்கும் விசிறி இறாலைப் பற்றிய பேச்சு அது. மோட்டார் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து, குட்டி விசிறிகளைப் போன்ற நான்கு கைகளையும் விரித்து, மிதந்து வருவதை வடித்துத் தின்னும் பிராணி. கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த அன்று காலை அது தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்தது. கையில் எடுத்தாள். கால், மீசை, விசிறி எல்லாம் அப்படியே இருந்தன. உயிர் போனால் உடம்பு இவ்வளவு லேசாகிவிடுமா? அதைக் காலிக் குங்குமச் சிமிழில் வைத்துவிட்டு, தொட்டியைத் துண்டால் மூடினாள். மோட்டாரை நிறுத்த மட்டும் ஏனோ கை வரவில்லை.

வீடு திரும்பியவர் நேராகப் போய்த் துண்டை விலக்கினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொன்ன மாதிரியே விரிச்சிருக்கே, கோதை!"

நிமிர்ந்தாள். நீரோட்டத்தின் முன்னே, முன்னைவிடப் பளிச்சென்று, நான்கு கைகளும் விரிந்திருந்தன. ஓடிப்போய்ச் சிமிழைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். அவர் நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடியே, இது அது கழட்டிப் போட்ட சட்டை. வளர்றப்போ கழட்டிட்டு, புதுசு இறுகுற வரைக்கும் கல்லுக்கடியில ஒளிஞ்சுக்கும்."

அவள் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு மணிக்கட்டை நீட்டினார். மருத்துவமனையில் கட்டிய பெயர்ப்பட்டை இன்னும் அதில் இருந்தது. அவள் அதைக் கத்தரித்து, சிமிழுக்குள் அந்தக் கூட்டோடு சேர்த்து வைத்து மூடினாள். பிறகு தொட்டிக்குள் கைவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.