ஒரே ஒரு கதை

"ச்சு!"

புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஜெயபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது, கெங்கம்மாக்காதான். அப்படி ஒரு சலிப்பை நாக்கில் கொண்டுவர வேறு யாராலும் முடியாது.

"இன்னாக்கா இப்ப?"

"இன்னாவா? இளவரசன் கிளம்பறேன் கிளம்பறேன்னு எத்தினி நாளாச்சி? இன்னும் குதிரைக்குப் புல்லு வெட்டிக்கினு கீறான். ஊர் எல்லையே தாண்டல."

ஷெட் முழுக்கச் சிரிப்பு.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் கைத்தையல் ஷெட்டில் மெஷின் சத்தம் கிடையாது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பார்கள். ஒருத்தி மட்டும் உரக்கக் கதை படிப்பாள்; கொஞ்ச நாளாக அது ஜெயபுஷ்பம். அவள் பங்கு ஜோடிகளை மற்றவர்கள் பிரித்தெடுத்துத் தைத்துவிடுவார்கள். வெகு காலமாக நடக்கிற ஏற்பாடு.

புதிதாக வந்த மேஸ்திரி ரத்தினசாமிக்கு அது பிடிக்கவில்லை. "எல்லார் கையிலயும் ஊசி இருக்கணும்" என்றார். பெண்கள் விடாமல் கெஞ்சியதில் கொஞ்சம் இறங்கினார்.

"சரி. இன்னும் ஒரே ஒரு கதை. அது முடியற அன்னிக்கு இந்தப் படிப்பும் முடிஞ்சிது."

மறுநாளே பில்கிஸ் தன் அண்ணனுடைய வாடகை நூலகத்திலிருந்து இந்தத் தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். காலிகோத் துணி அட்டை போட்ட மாயாஜாலக் கதை. முன்தாள் கிழிந்து போயிருந்ததால் பெயரும் தெரியாது, எழுதியது யார் என்றும் தெரியாது.

எத்தனை தடிமனாக இருந்தாலும் ஜெயபுஷ்பத்துக்குப் போதாது. மழைக்காலத்தில் ஊசி ஏறிப் பழுத்த வலது கட்டைவிரல் ஆறிவிட்டது, ஆனால் மடங்கவில்லை. நூலை இறுக்கிப் பிடிக்க வராது. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. படிக்கிற வரைக்கும் தெரியாது. ஊசியைக் கையில் எடுத்த அன்றைக்கே மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பயத்தில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவள் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இந்த லட்சணத்தில் கெங்கம்மாள் வேறு!

"ராஜாவுக்குத் தாத்தா பேரு, அந்தத் தாத்தாவுக்குத் தாத்தா பேரு. நம்மளை இன்னா பொண்ணு குடுக்கவா கூப்புட்டாங்க?"

"நிழலை அடகு வெச்ச ராணி வந்தப்ப நீங்களே ஊசியைக் கீழ போட்டுட்டுக் கேட்டீங்களேக்கா" என்றாள் பில்கிஸ்.

"அது நல்லாத்தான் இருந்திச்சி. எனக்கே அழுகை வந்திட்ச்சி. ஆனா அந்த ராணிய அம்போன்னு உட்டுட்டு மறுபடியும் புல்லு வெட்டப் போய்ட்டானே எழுதனவன்! அந்தக் கல்லாப் போன படகோட்டி? அவனும் நல்லா வந்தான். எங்க அவன்?"

சரி, இவள் வாயை அடைப்போம் என்று ஜெயபுஷ்பம் ஒருநாள் வம்சாவளியில் நாலு பக்கத்தைத் தாண்டிப் படித்தாள்.

"ஏய், இன்னா தாவற? ஒரு எழுத்து உடாம படி!"

பிடிக்கவும் இல்லை என்கிறாள், விட்டுத் தொலைக்கவும் மாட்டேன் என்கிறாள். என்ன பேஜார் பிடித்த பொம்பளை இவள்! மேஸ்திரியே தேவையில்லை, இவள் ஒருத்தி போதும் என் பிழைப்பைக் கெடுக்க என்று ஜெயபுஷ்பம் உள்ளுக்குள் பொருமினாள்.

கடைசிப் பக்கம் வந்தேவிட்டது. அன்றைக்கு மேஸ்திரி வாசல் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

ஜெயபுஷ்பம் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "இளவரசன் உதயகேது குகைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான். உள்ளே யாரோ அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்..."

நிறுத்தினாள். மறுபடியும் பார்த்தாள்.

"முதல் பாகம் முற்றிற்று."

"இன்னாது?" மேஸ்திரி உள்ளேயே வந்துவிட்டார். "கதவைத் தொறந்தானா இல்லியா?"

"இவ்ளோதான் போட்டிருக்கு, மேஸ்திரி."

"இது இன்னா எழுத்து? இம்மாந் தடியா எழுதிட்டு, ஆளைக் கதவாண்ட நிக்க வெச்சிட்டுப் போய்ட்டான்!"

"அதைத்தான் நானும் தெனம் சொல்லிக்கினு கீறேன்" என்ற கெங்கம்மாள், சோற்றுக் கூடைக்குள் கைவிட்டு அதே காலிகோ அட்டையில் இன்னொரு புத்தகத்தை எடுத்தாள். "இது ரெண்டாவது. மொத்தம் ஏழு பாகமாம்."

"ஒரே ஒரு கதைன்னு சொன்னேன்."

"ஒண்ணுதான் மேஸ்திரி. முடிஞ்சாத்தானே?"

மேஸ்திரி புத்தகத்தைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். "கதவு மட்டும் இன்னா ஆவுதுன்னு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே பழையபடி தூணுக்குப் போனார்.

பில்கிஸ் ஜெயபுஷ்பத்தின் காதருகே சொன்னாள்: "முதல் புஸ்தகமும் அக்கா கேட்டதுதான். மேஸ்திரி சொன்ன அன்னிக்கே எங்கண்ணங்கிட்ட வந்து நின்னாங்க."

ஜெயபுஷ்பம் கெங்கம்மாள் பக்கம் திரும்பினாள். "அப்புறம் ஏன்க்கா தெனமும் அந்தத் திட்டு திட்டுனீங்க?"

"நல்லா இல்லாததை நல்லா இல்லன்னுதானே சொல்லணும்? நீளமா இருக்கறதா குடுன்னு கேட்டேன். நல்லதா குடுன்னு கேக்க மறந்துட்டேன்."

பிறகு, மேஸ்திரிக்குக் கேட்காதபடி குனிந்தாள்.

"அந்த வெரலை வெச்சிக்கினு நீ இன்னாத்தைத் தைப்ப? படி."

ஜெயபுஷ்பத்தின் பங்கிலிருந்து இரண்டு ஜோடியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கெங்கம்மாள் நூலுக்கு மெழுகு தேய்க்க ஆரம்பித்தாள்.